டெல்டாவில் விடுதி, பகிர்வு வீடு, படுக்கை வாடகை: உரிமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், வல்லம், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை என்று எந்த ஊரை எடுத்தாலும் கல்லூரியையோ மருத்துவமனையையோ சுற்றியுள்ள தெருக்களில் "லேடீஸ் ஹாஸ்டல்", "பேயிங் கெஸ்ட்", "பேச்சிலர் ரூம்" பலகைகள் தொங்குகின்றன. போர்டு மாட்டுவது சுலபம். அதற்குப் பின்னால் என்ன காகிதம் வேண்டும் என்பதில்தான் குழப்பம். வீட்டுக்காரர்கள், பெற்றோர்கள், தங்கியிருப்பவர்கள் என மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் கீழே.

என் வீட்டு மாடியை நான்கு கல்லூரிப் பையன்களுக்கு விட்டிருக்கிறேன். இதற்கும் உரிமம் வேண்டுமா?

நீங்கள் விட்டிருப்பது வீடா, படுக்கையா? அதைப் பொறுத்தது.

மாடி முழுவதையும் ஒரே ஒப்பந்தத்தில் விட்டு, மாதம் இவ்வளவு என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு, உள்ளே யார் எந்த அறை என்பதில் தலையிடாமல் இருந்தால் அது சாதாரண வாடகை. விடுதி உரிமம் தேவையில்லை. ஆளுக்கு 4,000 என்று தனித்தனியாக வசூலித்து, ஒருவன் காலி செய்தால் அந்தக் கட்டிலுக்கு நீங்களே புது ஆளைச் சேர்த்து, கீழே இருந்து சாப்பாடும் அனுப்பினால், பெயர் என்ன வைத்தாலும் நடப்பது விடுதிதான். இது நான் வைத்திருக்கும் அளவுகோல், சட்டத்தின் வாசகம் இல்லை. ஆனால் ஆய்வுக்கு வருகிறவர்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறார்கள்: பணம் யார் யாரிடம் வாங்குகிறார், சமையல் யாருடையது, சாவி யாரிடம்.

சாதாரண வாடகைக்கும் ஒரு பதிவு உண்டு. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கென்று இணையதளமும் இருக்கிறது. இருபது ரூபாய் பத்திரத்தில் பதினோரு மாதத்துக்கு எழுதிப் பீரோவில் வைத்துவிட்டால் போதும் என்ற காலம் போய்விட்டது. நம் பக்கத்தில் இன்னும் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். தகராறு வரும்வரை யாருக்கும் தெரியாது. வந்தபிறகு, பதியாத காகிதத்தை வைத்துக்கொண்டு வாடகை நீதிமன்றத்தில் பேசுவது கஷ்டம்.

மகளிர் விடுதி நடத்த எந்தச் சட்டம்? யார் உரிமம் தருகிறார்கள்?

தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 2014. உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பத்தைப் பார்ப்பது, நேரில் வந்து ஆய்வு செய்வது பெரும்பாலும் மாவட்ட சமூக நல அலுவலகம்.

இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. 2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு விடுதிக்குள் புகுந்து இரண்டு சிறுமிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைதான் பின்னணி. பாதுகாவலர் இல்லை, பொறுப்பான ஆள் இல்லை, விடுதி இருப்பதே முறையான கணக்கில் இல்லை என்ற நிலை அப்போது வெளியே வந்தது. அதனால்தான் சட்டம் கேட்பது எல்லாம் காவல் சம்பந்தப்பட்டதாகவே இருக்கிறது: பெண் வார்டன், காவலாளி, நுழைவாயிலில் கேமரா, வந்துபோகிறவர்களின் பதிவேடு. உரிமம் இல்லாமல் நடத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம்.

சட்டம் வந்த பிறகும் நாலு வருஷம் பலர் கண்டுகொள்ளவில்லை. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு மகளிர் விடுதியின் அறைகளில் ஒளித்துவைத்த கேமராக்களைத் தங்கியிருந்த பெண்களே கண்டுபிடித்தார்கள். உரிமையாளர் கைதானார். அதன் பிறகுதான் "இந்தத் தேதிக்குள் பதிவு செய்யுங்கள்" என்ற அறிவிப்புகள் சூடுபிடித்தன. இந்த விஷயத்தில் அரசு எந்திரம் ஒவ்வொரு முறையும் ஒரு சம்பவத்துக்குப் பிறகுதான் வேகம் எடுக்கிறது. அடுத்த சம்பவம் எந்த ஊரில் நடக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதால், "எங்க ஊர்ல எல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்ற தைரியம் வேண்டாம்.

என்னென்ன காகிதங்கள் வேண்டும்? எங்கே ஆரம்பிப்பது?

விண்ணப்பம் இப்போது தமிழ்நாடு ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகப் போகிறது. ஆனால் இணையதளத்தில் ஆரம்பிக்காதீர்கள். கட்டடத்தில் ஆரம்பியுங்கள்.

முதலில் பொறியாளரிடம் கட்டட உறுதிச் சான்று. அப்புறம் தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று. இவற்றை வைத்துத் தாசில்தாரிடம் "படிவம் டி" உரிமம். இது 1965-ஆம் ஆண்டுப் பொதுக்கட்டட உரிமச் சட்டத்தின் கீழ் வருவது, தாலுகா அலுவலகத்தில் "டி ஃபாரம்" என்றால்தான் புரியும். சமையல் செய்து போட்டால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு அல்லது உரிமம். சின்ன சமையலறைக்குப் பதிவு போதும், பெரியதற்கு உரிமம். நடத்துபவர், வார்டன், காவலாளி ஆகியோருக்குக் காவல் துறை சரிபார்ப்பு. இவ்வளவும் கையில் வந்த பிறகு ஆன்லைனில் ஏற்றினால் வேலை நகரும். ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும், அதற்குள் மற்றொரு சான்றின் காலம் முடிந்துவிடும். பலர் மாட்டிக்கொள்வது இந்தச் சுழலில்தான்.

சமையலறையில் வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டர் இருந்தால் ஆய்வுக்கு முன்பே 19 கிலோ வணிகச் சிலிண்டருக்கு மாறிவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

கும்பகோணத்தில் எங்களுடையது பழைய அக்ரஹார வீடு. பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில். விடுதியாக மாற்றலாமா?

மனசுக்கு "மாற்றலாம்" என்று சொல்லத்தான் ஆசை. பூட்டிக்கிடக்கும் வீடு கறையானுக்குப் போவதைவிட நாலு பெண்கள் இருந்து படிப்பது நல்லது. ஆனால் எல்லாக் கட்டட வகையிலும் உரிமத்துக்குக் கடினமானது இதுதான்.

திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று தெருவிலிருந்து பின்பக்கம் வரை நீண்டு போகும் வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வாசல் ஒன்று, கொல்லைக் கதவு ஒன்று. கொல்லைக்கு அப்பால் சந்து இல்லாவிட்டால் அது வெளியேறும் வழியே கிடையாது. மாடிக்குப் போகும் மரப்படியில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாது. மச்சு முழுக்கத் தேக்கு உத்திரம், அதன்மேல் நூறு வருஷத்துச் செங்கல். இதில் கூடத்தைத் தட்டி வைத்துத் தடுத்து அறையாக்கினால் காற்றும் போச்சு, வழியும் போச்சு.

இதைக் கும்பகோணத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருப் பள்ளியில் சமையல் கூடத்திலிருந்து கூரைக்குப் பரவிய தீயில் 94 குழந்தைகள் போனார்கள். கீற்றுக் கூரை, குறுகிய படி, தப்பிக்க வேறு வழியில்லாத மாடி. அந்த ஊரில் ஒரு தீயணைப்பு அதிகாரி உங்கள் படிக்கட்டை இரண்டு முறை அளந்தால் கோபப்படாதீர்கள்.

செய்யக்கூடியது என்னவென்றால், மாடியை விட்டுவிடுங்கள். தரைத்தளத்தில் மட்டும், முற்றத்தைத் திறந்தே வைத்து, கொல்லைப் பக்கம் நிஜமான இரண்டாவது வழி இருந்தால் மட்டும், குறைந்த ஆட்களோடு திட்டம் போடுங்கள். மின்கம்பிகளை முழுதும் மாற்றுங்கள்; மின்விசிறிக்கும் ரேடியோவுக்கும் போட்ட பழைய ஒயரில் இன்று ஆறு பேர் வாட்டர் ஹீட்டர் ராடும் லேப்டாப்பும் செருகுவார்கள். கணக்குப் போட்டால் வருமானம் நீங்கள் நினைத்ததில் பாதிதான் வரும். அது சரிப்படாது என்றால் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவது நிம்மதி.

மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு இரண்டு அறை எடுத்திருக்கிறோம். அதையும் கணக்கில் காட்டலாமா?

காட்டாதீர்கள், ஆளும் வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை எத்தனை ஷீட் எத்தனை தெரு தாண்டிக் கிடந்தது என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத அறைக்கு உறுதிச் சான்று எந்தப் பொறியாளரும் மனசாட்சியோடு தர முடியாது.

ஆண்கள் விடுதிக்குச் சட்டமே இல்லையா?

2014 சட்டம் பெண்களையும் குழந்தைகளையும் மட்டுமே சொல்கிறது. வளர்ந்த ஆண்கள் தங்கும் மேன்ஷனுக்கும் பேச்சிலர் விடுதிக்கும் அது பொருந்தாது. கட்டட உரிமம், தீயணைப்பு, உணவு, உள்ளாட்சியின் தொழில் உரிமம் ஆகியவை இருக்கின்றன. ஆனால் இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்கும் உரிமம் இல்லை. பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. தீ ஆண், பெண் பார்ப்பதில்லை.

பலர் கவனிக்காத ஒன்று: "பாய்ஸ் ஹாஸ்டல்" என்று நடத்தி, அதில் பிளஸ் டூ படிக்கும் பையன்களையோ நீட் பயிற்சிக்கு வந்த பதினேழு வயதுப் பையன்களையோ சேர்த்தால், அவர்கள் சட்டப்படி குழந்தைகள். அப்போது 2014 சட்டம் உங்களுக்கும் பொருந்தும். சேர்க்கும்போது பிறந்த தேதியைப் பார்க்காத விடுதிக்காரர்கள் நிறையப் பேர்.

பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமத்திலிருந்து மகளைத் தஞ்சாவூர் விடுதியில் சேர்க்கப் போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

உரிமத்தின் நகலைக் கேளுங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம்மா" என்பது பதில் இல்லை. கையில் தந்தால், அதில் இருக்கும் முகவரி நீங்கள் நிற்கும் கட்டடத்தின் முகவரிதானா, எத்தனை பேருக்கு அனுமதி, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். ஒரு கட்டடத்துக்கு வாங்கிய உரிமத்தைப் பக்கத்துத் தெருவில் எடுத்த இரண்டாவது வீட்டுக்கும் காட்டுவது நடக்கிறது.

அப்புறம் கண்ணால் பாருங்கள். கேமரா வாசலில் இருக்க வேண்டும், அறைக்குள்ளோ குளியலறைப் பக்கமோ இருக்கக்கூடாது. வார்டன் அங்கேயே தங்குகிறாரா, அல்லது இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறாரா என்று வார்டனிடம் கேட்காமல் அங்கே தங்கியிருக்கும் பெண்களிடம் கேளுங்கள். இரவில் கிரில் கேட்டை வெளியே பூட்டினால் சாவி உள்ளே யாரிடம் இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். பாதுகாப்புக்குப் போட்ட பூட்டே ஆபத்தில் அடைத்துவிடக் கூடாது.

மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறவர் என்றால் அரசின் தோழி விடுதியையும் பாருங்கள். பணிபுரியும் மகளிருக்காகத் தமிழக அரசு நடத்தும் இந்த விடுதிகள் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருக்கின்றன. இடம் கிடைப்பதுதான் சிரமம்.

புகார் என்றால் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. எழுத்தில் கொடுக்க வேண்டுமானால் மாவட்ட சமூக நல அலுவலகம்.

அட்வான்ஸைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். வாடகைச் சட்டப்படி கேட்கலாமா?

வீடாக எடுத்திருந்தால் கேட்கலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலன்றி, அந்தச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. விடுதிப் படுக்கை என்றால் வழக்கு வேறு மாதிரி. லாட்ஜ், சத்திரம், தர்மசாலை போன்றவற்றை அந்தச் சட்டம் வெளியே வைத்திருப்பதால், "இது உள்ளே வருமா" என்பதே முதல் வாதமாகிவிடும். அதற்குப் பதில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ரசீதோ பணம் அனுப்பிய யுபிஐ விவரமோ இருந்தால் போதும், ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வெறும் வாயால் சொன்னால் நிற்காது.

ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். விடுதிக்கு 12 சதவீதம் என்று 2023-இல் சில தீர்ப்பாணைகள் வந்து எல்லோரையும் பயமுறுத்தின. 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், மாணவியரும் வேலைக்குப் போகும் பெண்களும் தங்குவது குடியிருப்புதான் என்று விடுதிகள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூன் 22 அன்று கூடிய 53-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி இல்லை என்று முடிவெடுத்தது. நம் ஊரில் 20,000 ரூபாய்க்குப் படுக்கை விடும் விடுதி எங்கே இருக்கிறது? அந்த 90 நாள் நிபந்தனையை மட்டும் மறக்காதீர்கள். சேர்க்கைப் படிவத்திலேயே குறைந்தது மூன்று மாதம் என்று எழுதி வாங்குங்கள்.

இந்த உரிம விஷயம் போகப்போக இறுகுமா, தளருமா? மற்ற இடங்களில் எப்படி?

இறுகும். எந்தப் பக்கம் பார்த்தாலும் போக்கு அதுதான்.

இங்கிலாந்தில் ஒரே குடும்பத்தைச் சேராதவர்கள் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு உரிமம் என்பது 2004 வீட்டுவசதிச் சட்டத்திலேயே வந்தது. முதலில் மூன்று தளமோ அதற்கு மேலோ இருந்தால் என்று இருந்ததை 2018 அக்டோபர் 1 முதல் மாடிக் கணக்கை எடுத்துவிட்டு, ஐந்து பேர் இருந்தாலே உரிமம் என்று விரித்தார்கள். கூடவே அறை அளவும் வந்தது: ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, இருவருக்கு 10.22. நம் கணக்கில் 70 சதுர அடி, 110 சதுர அடி. அதாவது நாம் பத்துக்குப் பத்து அறையில் மூன்று கட்டில் போட்டு "விசாலமான ரூம்" என்று விளம்பரம் செய்கிறோமே, அதில் இரண்டு பேரைக்கூட அங்கே வைக்க முடியாது.

டெல்டாவில் வீட்டுக்கு ஒருவராவது போய்வந்த சிங்கப்பூரில் ஆள் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு. உறவினரல்லாத ஆறு பேர் என்று இருந்ததை, வாடகை ஏறிப்போனதால் 2024 ஜனவரியிலிருந்து பெரிய வீடுகளுக்கு மட்டும் தற்காலிகமாக எட்டு ஆக்கினார்கள். தளர்த்தியபோதும் எண்ணிக்கையை விடவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குமிடச் சட்டத்தை 2023 ஏப்ரலில் ஏழு படுக்கை இருந்தாலே பொருந்தும்படி கீழே இறக்கினார்கள். முன்பு ஆயிரம் படுக்கைக்குக் குறையாத பெரிய தங்குமிடங்கள் மட்டும்தான் அதில் வந்தன.

தமிழ்நாட்டிலும் இன்னொரு திசை தெரிகிறது. சின்னச் சின்ன விடுதிகளில் தொழிலாளர்களைப் பிரித்து வைப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் பெரிய குடியிருப்பு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் விடுதி உணவு சாப்பிட்டுப் பெண் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டு, சாலை மறியல் வரை போனது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் (நம்ம வல்லம் இல்லை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வல்லம்) 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பைச் சிப்காட் திறந்தது. டெல்டாவில் அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் இல்லை. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பிறகு கனரகத் தொழில் எதுவும் பெரிதாக வரப்போவதுமில்லை. ஆகவே இங்கே எதிர்காலமும் பத்து, இருபது கட்டில் போட்ட சின்ன விடுதிகள்தான். உரிமம் வாங்கும் செலவு அவர்களுக்குத்தான் பாரம். இருபது கட்டில் விடுதிக்கும் இருநூறு கட்டில் விடுதிக்கும் ஒரே அலைச்சல் என்பதை அரசு யோசிக்க வேண்டும். எளிய படிநிலை ஒன்று இருந்தால் ஒளிந்து நடத்துகிறவர்களில் பாதிப் பேர் வெளியே வருவார்கள்.

நடவுக்கு வந்த மேற்கு வங்கத் தொழிலாளர்களை எங்கள் களத்துமேட்டுக் கொட்டகையில் தங்க வைத்திருக்கிறோம். இது விடுதியா?

இல்லை. ஆனால் பொறுப்பு இல்லை என்றும் ஆகாது. வெளிமாநிலத் தொழிலாளர்களை அழைத்து வரும் ஒப்பந்தக்காரர் தகுந்த தங்குமிடம் தர வேண்டும் என்று, 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வரும்வரை இருந்த 1979-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சொல்லியிருந்தது. மேஸ்திரி அழைத்து வந்தார், இடம் மட்டும் நான் கொடுத்தேன் என்று சொல்லலாம். பாம்பு கடித்தாலோ மின்சாரம் தாக்கினாலோ முதலில் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். குடிதண்ணீர், கழிப்பறை, ஒழுங்கான ஒயரிங் இந்த மூன்றும் செய்துகொடுங்கள், பெயர் விவரங்களை ஆதார் நகலோடு காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். உரத்தையும் பூச்சிமருந்தையும் அடுக்கி வைத்திருக்கும் கொட்டகையில் ஆளைப் படுக்கவைக்கும் வழக்கம் மட்டும் வேண்டாம்.

வெளிநாட்டு மாணவர் ஒருவர் அறை கேட்கிறார்.

கொடுக்கலாம். அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் தகவல் தர வேண்டும். இலங்கையிலிருந்து வந்தவர், நம் மொழிதானே பேசுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். கடவுச்சீட்டு வேறு என்றால் விதி ஒன்றுதான்.

2028 மகாமகம் வருகிறது. அந்த மாதம் மட்டும் விடுதிப் பெண்களை ஊருக்கு அனுப்பிவிட்டு யாத்ரீகர்களுக்குத் தினவாடகைக்கு விடலாமா?

இதைக் கேட்கிறவர்கள் இப்போதே இருக்கிறார்கள். 2016-இல் குளத்தைச் சுற்றி ஓர் அறைக்கு என்ன கேட்டார்கள் என்பது நினைவிருப்பதால் வரும் கேள்வி.

மகளிர் விடுதி உரிமம் அதற்குச் செல்லாது. அந்த உரிமத்தில் ஆண்களும் குடும்பங்களும் தினவாடகைக்குத் தங்கினால் உரிமத்தையே இழக்க வாய்ப்பு உண்டு. 90 நாள் கணக்கு உடைவதால் அந்த வருமானத்துக்கு ஜிஎஸ்டி விலக்கும் இல்லை. மாதக் கட்டணம் கட்டிய பெண்களை நடுவில் கிளம்பச் சொன்னால் அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். யாத்ரீகர்களுக்கு விட வேண்டும் என்றால் நீங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டில் இரண்டு அறையை ஒதுக்கி, ஹோம்ஸ்டேயாகச் சுற்றுலாத் துறையில் பதிவு செய்யும் வழியைப் பாருங்கள். அதற்கும் கட்டடக் காகிதம் கேட்பார்கள். 2027 மழைக்கு முன்பே கொடுத்துவைத்தால் நல்லது, மகாமகத்துக்கு முந்தைய மாதங்களில் ஊரிலுள்ள எல்லா அலுவலகமும் திருவிழா ஏற்பாட்டில்தான் இருக்கும்.